கோமியத்தில் இருப்பது யூரியா இல்லையா? பசுந்தோட்டம் தம்பிக்கு ஒரு கேள்வி

பழைய கிராணி:
பெஸ்தாரி ஜெயா வீட்டுத் தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம். நேற்று பசுந்தோட்டம் தம்பி இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "யூரியா செத்த உரம், கோமியம் உயிருள்ள உரம், வேருக்கு வித்தியாசம் தெரியும்" என்கிறார். ஆளாளுக்குக் கீழே கும்பிடு வேறு. தம்பி, மாட்டு மூத்திரத்தில் உள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு எந்த வடிவத்தில் இருக்கிறது? யூரியாவாகத்தான். 1828-லேயே வோலர் என்ற ஜெர்மன்காரர் மாடும் இல்லாமல், சிறுநீரகமும் இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் அதே யூரியாவைச் செய்து காட்டிவிட்டார். இதில் செத்தது எது, உயிருள்ளது எது?

பசுந்தோட்டம்:
ஐயா, வயதுக்கு மரியாதை கொடுத்துச் சொல்கிறேன். கோமியத்தைக் கொண்டுபோய்த் தொழிற்சாலை மூட்டையோடு சேர்க்காதீர்கள். யூரியா கொட்டிக் கொட்டி இந்த வட்டாரத்து மண் அமிலமேறிப் புளித்துப் போய்க் கிடக்கிறது. என் பாத்தியில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள், புழு நெளியும்.

பழைய கிராணி:
நான் புழுவைக் கேட்கவில்லை. கோமியத்தில் யூரியா இருக்கிறதா, இல்லையா?

பசுந்தோட்டம்:
இருந்தால் என்ன? அதில் பொட்டாசியமும் இருக்கிறது, கந்தகமும் இருக்கிறது. உங்கள் மூட்டையில் நைட்ரஜனைத் தவிர வேறு என்ன சத்து இருக்கிறது?

பழைய கிராணி:
"இருந்தால் என்ன" என்று எழுதியதை எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கோமியம் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுக்கிறீர்கள்? ஏன்? கலக்காமல் ஊற்றினால் செடி கருகும். யூரியாவைக் கைநிறைய அள்ளி வேரடியில் கொட்டினாலும் கருகும். பழைய கோமியம் மூக்கைத் துளைக்கிறதே, அது என்ன வாடை? அமோனியா. யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைப்பதால் வருவது. மூட்டை யூரியாவை மண்ணில் போட்டாலும் அதே நொதி, அதே அமோனியா. மண் ஈரத்தில் அது அம்மோனியமாகும், அப்புறம் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி நைட்ரேட்டாக்கும். வேர் பெரும்பாலும் எடுப்பது அந்த அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும்தான். அது மாட்டிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று வேர் விசாரிக்காது.

காங்கோங் அக்கா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். என் மிளகாய்ச் செடியில் கீழ் இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன. கோமியம் ஊற்றவா, யூரியா போடவா?

பழைய கிராணி:
மேல் கொழுந்து பச்சையாக இருந்து, கீழ் இலை முழுசும் ஒரே மாதிரி வெளுத்தால் நைட்ரஜன் பஞ்சம் அம்மா. பற்றாக்குறை வந்தால் செடி முதிர்ந்த இலையில் இருப்பதை எடுத்து இளசுக்கு அனுப்பிவிடும். கொழுந்து முதலில் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்தைப் பாருங்கள், அது அப்படி இடம் மாறாது. நைட்ரஜன்தான் என்றால் யூரியா கொஞ்சமாகப் போட்டு மண்ணைக் கிளறி மூடித் தண்ணீர் விடுங்கள். மேலேயே கிடந்தால் அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.

லோரிக்காரன்:
கிராணி அண்ணே, முன்பு என் நிலத்துச் செம்பனை மட்டை ஆரஞ்சு நிறமானபோதும் இதே குழுவில் நைட்ரஜன் என்றுதான் சொன்னீர்கள். பணம் போட்டு உரம் வாங்கினேன். மறந்துவிட்டதா?

பழைய கிராணி:
நான் சொன்னது மக்னீசியம். வெயில் படும் ஓலை ஆரஞ்சாகி, இன்னொரு ஓலையின் நிழலில் இருக்கும் பாகம் பச்சையாகவே இருந்தால் அது மக்னீசியக் குறை. நைட்ரஜன் என்று சொன்னது வேறு ஆள். குருத்துப் பக்கமிருந்து எண்ணிப் பதினேழாவது மட்டையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பு என்றும் சொன்னேன், நீ அனுப்பவில்லை.

லோரிக்காரன்:
சொன்னது நீங்கள்தான். தேடி எடுத்துப் போடுகிறேன்.

வேதியியல் டீச்சர்:
ஐயா சொல்வதில் ஒரு சிறு திருத்தம். யூரியா உடைந்த பிறகுதான் உள்ளே போகும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேர் கொஞ்சம் யூரியாவை முழுசாகவே எடுக்கும், அமினோ அமிலங்களையும் ஓரளவு எடுக்கும். இலையில் தெளித்தாலும் உள்ளே போகும். உடைக்கும் நொதி செடிக்குள்ளேயே இருக்கிறது. 1926-ல் சம்னர் முதன்முதலில் படிகமாக்கிய நொதியே வாளவரை விதையிலிருந்து எடுத்த யூரியேஸ்தான்.

பசுந்தோட்டம்:
பார்த்தீர்களா! அமினோ அமிலத்தை அப்படியே எடுக்கும் என்று டீச்சரே சொல்லிவிட்டார். மீன் உரக் கரைசலில் அமினோ அமிலம் இருக்கிறது. வேருக்கு வித்தியாசம் தெரிகிறது. இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பழைய கிராணி:
டீச்சர் சொன்னது யூரியாவையும் முழுசாக எடுக்கும் என்று. அதாவது உங்கள் செத்த உரத்தை வேர் விரும்பி வாங்கிக்கொள்கிறது. மீனுக்குத் தாவாதீர்கள், கோமியத்தில் நில்லுங்கள்.

வேதியியல் டீச்சர்:
நான் இரண்டு பேருக்கும் சாதகமாகச் சொல்லவில்லை. "உயிருள்ள உரம்" என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துவிட்டு...

பசுந்தோட்டம்:
அதெல்லாம் அனுபவத்தில் தெரியும் டீச்சர். அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது மண் புளிக்குமா, புளிக்காதா? கிராணி ஐயா அதற்கு மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்.

பழைய கிராணி:
புளிக்கும். உங்கள் கோமியத்து அம்மோனியம் மாறினாலும் புளிக்கும். அதே அளவு நைட்ரஜனுக்கு அம்மோனியம் சல்பேட் உரம் யூரியாவைவிட அதிகம் புளிக்க வைக்கும். அதற்குத்தான் சுண்ணாம்பு. நைட்ரேட்டை மழை அடித்துப் போகும் என்பதும் தெரியும். அதனால்தான் பெருமழைக் காலத்தில் உரம் வீச விடமாட்டேன். 1917-ல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்தது நம் பக்கத்துத் தென்னமரத்தில். இந்த ஊரில் நின்று உரம் பற்றி எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்.

பசுந்தோட்டம்:
அந்தத் தோட்டங்களில் வெறும் பாதத்தோடு வாளி சுமந்து உரம் வீசியது எங்கள் பாட்டிமார். கை வெந்தது அவர்களுக்கு. கிராணிமார் நிழலில் நின்று கணக்கு எழுதினார்கள்.

பழைய கிராணி:
என் அம்மாவும் வாளி தூக்கியவர்தான். என் முன்னால் அந்தப் பேச்சை எடுக்காதே. மூட்டையில் நைட்ரஜன் நூற்றுக்கு 46. அதை அளந்து போடலாம். உன் கோமியத்தில் எவ்வளவு என்று உன்னால் சொல்ல முடியுமா? மாடு தின்றதைப் பொறுத்து மாறும். சத்து நல்லதுதான், நானும் மறுக்கவில்லை. உயிர் இருக்கிறது என்று ஊரை ஏமாற்றாதே.

காங்கோங் அக்கா:
ஏமாற்று என்று சொல்வது அதிகம் கிராணி. அந்தத் தம்பி எனக்குக் காசு வாங்காமல் கோமியம் கொடுத்திருக்கிறார்.

லோரிக்காரன்:
காசு வாங்காமலா? என்னிடம் ஒரு போத்தலுக்கு ரிங்கிட் வாங்கினாரே.

பசுந்தோட்டம்:
அது போத்தலுக்கு லோரி. உங்கள் கன்றுக்குட்டி என் சாவிக் கீரையை மேய்ந்ததற்கு நான் இன்னும் கணக்கே கேட்கவில்லை.

லோரிக்காரன்:
வேலி போடாதவன் பேசக்கூடாது. அந்தப் பழைய பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன் கிராணி அண்ணே, கிடைத்ததும் இங்கேயே ஒட்டுகிறேன்.

பழைய கிராணி:
ஒட்டு. மக்னீசியம் என்றுதான் இருக்கும்.