சாவேஜ் வேர்ல்ட்ஸ்: ஜோக்கரை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாமா?

காவேரிப்பட்டணத்தான்:
வணக்கம். ஞாயிறுதோறும் ஐந்து பேர் கிருஷ்ணகிரியில் கூடி, 1791ஆம் ஆண்டு இராயக்கோட்டையைக் களமாகக் கொண்டு, பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் சாவேஜ் வேர்ல்ட்ஸ் ஆடிவருகிறோம். சென்ற வாரம் வாசல் சண்டையில் ஒருவருக்கு ஜோக்கர் விழுந்தது. அவர், ரம்மியில் வைத்திருப்பது போல அதைப் பத்திரப்படுத்தி, அடுத்த சுற்றில் எடுத்து நீட்டினார். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரான நான் மறுக்க, ஆட்டம் நின்றுபோனது. இருவருக்குப் பத்து வந்தால் யார் முதலில் என்பதிலும் குழப்பம். 304 சீட்டாட்டம் ஆடிப் பழகிய இன்னொருவரோ ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறார்.

ஓசூர் வாசி:
நீங்கள் மறுத்தது சரியே. இங்கே சீட்டு கையிருப்பு அன்று. அந்தச் சுற்றில் யார் எப்போது செயல்படுவது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. ஜோக்கர் பெற்றவர் அச்சுற்றில் தாம் விரும்பிய தருணத்தில், பிறர் செயலை இடைமறித்தும்கூட, செயல்படலாம். அவருடைய திறன், சேதப் பகடை உருட்டல்களுக்கு 2 கூடும். ஜோக்கர் விழுந்த சுற்று முடிந்ததும் கட்டு முழுவதையும் கலைத்தாக வேண்டும் என்பதால் வைத்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. சாதாரணச் சீட்டுகளில் ஏஸ் உச்சம், ஜாக்கி ராணிக்குக் கீழே. எண் ஒன்றானால் இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்ற வரிசை.

பாலக்கோட்டுக்காரர்:
உங்கள் நண்பர் விரும்பியது உண்மையில் ஹோல்டு என்று நினைக்கிறேன். தம் முறை வந்ததும் காத்திருப்பதாக அறிவித்தவர், செயல்படும்வரை புதுச் சீட்டு பெறாமல் அடுத்த சுற்றுக்கும் காத்திருக்கலாம். ஆனால் எதிரியை இடைமறிக்க, அட்வெஞ்சர் எடிஷன் என்ற பதிப்பின்படி இருவரும் அத்லெட்டிக்ஸ் திறனுக்குப் பகடை உருட்ட வேண்டும். தோற்றால் எதிரிக்குப் பின்புதான் செயல்பட முடியும். மேலும் அப்பதிப்பில் ஆட்டக்காரர் ஒருவருக்கு ஜோக்கர் விழுந்தால் எல்லா ஆட்டக்காரருக்கும் ஆளுக்கொரு பென்னி (பகடையை மறுபடி உருட்டவும் பிறவற்றுக்கும் செலவிடும் வில்லை) உண்டு. அதைக் கொடுத்தீர்களா?

காவேரிப்பட்டணத்தான்:
கொடுக்கவில்லை, கட்டையும் கலைக்காமலே அடுத்த சுற்றுக்குச் சீட்டுப் போட்டேன். எதிரிகளுக்கு ஜோக்கர் விழுந்தால்?

ஓசூர் வாசி:
உங்கள் பொதுக் கையிருப்பில் ஒரு பென்னி சேரும். களத்தில் உள்ள உங்கள் வைல்ட் கார்டுகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், வைல்ட் கார்டு என்பது இங்கே சீட்டு அன்று, தளபதி போன்ற முக்கியப் பாத்திரம். சாதாரண வாயிற்காவலர் கூட்டத்துக்கு மொத்தமாக ஒரே சீட்டுப் போட்டால் போதும்.