அம்மாவின் இருமலுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கலாமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):
அம்மாவுக்கு 68 வயது. ஒரு வாரமாகச் சளி, இருமல். மூச்சுத் திணறல் இல்லை. டாக்டர் முதுகில் குழாய் வைத்து நிதானமாகக் கேட்டுவிட்டு, ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றார். அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. வேறு டாக்டரிடம் போகலாமா?

பதில் (மருந்துக்கடைக்காரர், ஃபீனிக்ஸ், டர்பன்):
அக்கா, அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் லிட்டிலின் குழு 12 ஐரோப்பிய நாடுகளில் 2,061 பேரிடம் சோதித்து 2013இல் வெளியிட்டது. நிமோனியா சந்தேகமில்லாத இருமலுக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் பெரிதாக உதவவில்லை, 60 தாண்டியவர்களுக்கும்தான். குமட்டல், பேதி, தோல் தடிப்புதான் கூடியது.

பதில் (நர்ஸ்):
காய்ச்சல் ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் கண்டாலோ அன்றைக்கே போங்கள். நம் நாட்டில் டிபி (காசநோய்) அதிகம். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனை கட்டாயம்.

கேட்டவர்:
சரி தம்பி, அம்மாவிடம் இதையே படித்துக் காட்டுகிறேன்.