'உதட்டைப் பிதுக்கினார்' – இங்கிலீஷ்ல என்ன? அவசரம்

வரிக்குவரி: தமிழ்ச் சிறுகதை ஒண்ணை இங்கிலீஷ்ல கொண்டுபோறேன். 'உதட்டைப் பிதுக்கினார்'னு ஒரு வரி. 'பவுட்டட்' போட்டேன், எடிட்டர் ரெண்டு கேள்விக்குறி வெச்சுத் திருப்பிட்டார். நாளைக்குக் காலைல அனுப்பணும். சரியான வார்த்தை ப்ளீஸ்.

ஈரடி: யார் பிதுக்கினார்? எதுக்கு? முன்பின் ரெண்டு வரி போடுங்க. குழந்தை பிதுக்கினா அழப்போகுது. ஜவுளிக்கடைல பிதுக்கினா புடவை பிடிக்கலை.

முகவரிசை: 'பர்ஸ்ட் ஹிஸ் லிப்ஸ்'. முடிஞ்சது.

எண்17: முடியலை. 'பர்ஸ்'னா சுருக்குப்பை வாய் மாதிரி உதட்டைக் குவிச்சு இறுக்கறது. பிதுக்கறப்ப மோவாய்த் தசை மேலே ஏறிக் கீழுதட்டைத் தள்ளும். உளவியலாளர்கள் எக்மனும் ஃப்ரீசனும் 1978ல வெளியிட்ட முகக் குறியீட்டு முறைல ஒவ்வொரு முக அசைவுக்கும் ஒரு எண்; இது 17. குவிக்கறது 18, உதட்டோட உதடு அழுத்தறது 24. முதல்ல எண்ணைப் பிடிங்க, வார்த்தை தானா வரும்.

ஈரடி: எண்ணை வெச்சு வாசகர் என்ன பண்ணுவார்?

பழையபேனா: எத்தனை தரம்தான் சொல்றது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டை, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்புல தெரியறதை, எட்டா வகுத்தார்: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்ச்சி), மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இது எதுல சேரும்னு பார்க்காம மொழிபெயர்க்க உட்கார்ந்தா இப்படித்தான். 'ஃப்ரவுண்ட்' போட்டுட்டுப் போங்க தம்பி.

முகவரிசை: ஐயா, ஃப்ரவுன் புருவம். உதடு இல்ல.

பழையபேனா: ஃப்ரவுனிங் எமோஜியைப் பாருங்க. புருவமே கிடையாது, வாய்தான் கவிழ்ந்து கிடக்கு.

முகவரிசை: அது அமெரிக்க வழக்கு. லண்டன்காரங்களுக்கு நெத்திச் சுருக்கம்தான். மேப்பைப் பார்த்து 'ஃப்ரவுன்' பண்ணினார்னா புரியாம உத்துப் பார்த்தார், அவ்வளவே.

வரிக்குவரி: சாரி, விட்டுப்போச்சு. பிதுக்கறது டாக்டர். ஐசியூ வாசல்ல.

ஈரடி: அட, இதையில்ல முதல்ல சொல்லணும்! டாக்டர் 'பவுட்' பண்ணினா மிட்டாய் கிடைக்காத குழந்தை ஆயிடுவார், இல்லைன்னா செல்ஃபி எடுக்கறார். நம்மகிட்ட அதுக்கு அர்த்தம் 'இனி ஒண்ணும் பண்றதுக்கில்லை'. இங்கிலீஷ்ல அந்தச் சேதி உதட்டுல வராது, தலைல வரும்: 'ஷுக் ஹிஸ் ஹெட்'. 'ஷ்ரக்' மட்டும் போட்டுடாதீங்க, எனக்கென்னன்னு தோளைக் குலுக்கினதா ஆயிடும்.

எண்17: உதடும் வேணும்னா 24 இருக்கு. 'ப்ரெஸ்ட் ஹிஸ் லிப்ஸ் டுகெதர் அண்ட் ஷுக் ஹிஸ் ஹெட்'.

ஈரடி: சரி, உங்க நம்பர் இந்த ஒரு தடவை உதவுச்சு.

பழையபேனா: இளிவரல்னு அப்பவே சொல்ல வந்தேன்.

வரிக்குவரி: 24 போட்டதையே வெச்சேன். ஓகே ஆயிடுச்சு. நன்றி.

கடைசிபெஞ்ச்: இங்கேயே கேட்டுடறேன், 'நமுட்டுச் சிரிப்பு'க்கு 'ஸ்மர்க்' சரிதானே?

ஈரடி: ஸ்மர்க்ல திமிர் இருக்கு, நமுட்டுல இருக்கணும்னு இல்ல. யார் சிரிச்சா, யாரைப் பார்த்து?