மன்னிப்பு கேட்ட பிறகும் வெட்கம் விடவில்லை, என்ன செய்வது?

கேள்வி: பாவத்தை அறிக்கையிட்டாயிற்று. ஆனாலும் ஜெபிக்க உட்கார்ந்தாலே கூசிப்போகிறது. "தேவனுடைய பிள்ளை" என்ற அடையாளத்தை நடைமுறையில் எப்படிப் பற்றிக்கொள்வது?

பதில் 1: குற்றவுணர்வு "செய்தது தவறு" என்று சொல்லும், வெட்கம் "நானே தவறு" என்று சொல்லும். முன்னதற்கு வேதாகமத்தில் 1 யோவான் 1:9 (பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார்). பின்னதற்கு லூக்கா 15-ஐ, சொத்தை அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பும் இளைய மகனின் உவமையை, நிதானமாக வாசியுங்கள். "கூலிக்காரரில் ஒருவனாக" வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று இளைய மகன் 19-ஆம் வசனத்தில் யோசித்து வைக்கிறான். தகப்பனிடம் அவன் பேசும் 21-இல் அந்த வரி வருவதே இல்லை! அதற்குள் தகப்பன் வஸ்திரம், மோதிரம், பாதரட்சை கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். ஒரு நாள் வேலைகூடச் செய்யாமலே அவன் மகன்தான்.

பதில் 2: உங்களைக் குற்றப்படுத்தும் வாக்கியத்தை அப்படியே ஒரு வரியில் எழுதுங்கள். அதன் கீழே ரோமர் 8:1 (கிறிஸ்து இயேசுவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை), 8:15 (தேவனை "அப்பா" என்று கூப்பிடும் பிள்ளைகள் நாம்). காலையில் சத்தமாக வாசியுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: உணர்வு மாறும்வரை ஜெபத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். ஒளிந்திருக்கும்போதுதான் வெட்கம் வளரும். அதனால் நம்பகமான ஒருவரிடமாவது சொல்லுங்கள் (யாக்கோபு 5:16).

பதில் 3: ஒன்று சேர்க்கிறேன். பிறர் உங்களுக்கு இழைத்த கொடுமையால் வந்த வெட்கம் என்றால், அறிக்கையிட அங்கே உங்கள் பாவம் எதுவும் இல்லை. அதற்கு மனநல ஆலோசகரையும் நாடுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.