அறிவொளி வகுப்பு நடத்திய அப்பாவின் நினைவு மலரில் எதைச் சேர்ப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, 1999-இல் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற என் அப்பா அண்மையில் காலமானார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் ஒரு சிறு நினைவு மலர் கொண்டுவர விரும்புகிறோம். அண்ணன் பணிப்பதிவேட்டை வைத்துக்கொண்டு, எந்த ஆண்டு எந்த ஊருக்கு மாறுதல், எப்போது தேர்வு நிலை, எப்போது தலைமையாசிரியர் பொறுப்பு என்று வரிசையாக எழுதி முடித்திருக்கிறார். அதை வாசிக்கக் கேட்ட அம்மா, "எல்லாம் சரிதான்டா, உங்கப்பாவைக் காணோமே" என்று சொல்லிவிட்டார்.

அம்மா எதைத் தேடுகிறார் என்பது எனக்குத் தெரியும். 1991-இல் எங்கள் மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அப்பாவுக்கு ஐம்பது வயது. பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டைக்கூடத் தள்ளி வைத்து, அரிக்கேன் விளக்கும் சாக்பீஸ் டப்பாவுமாகக் கோவில் திடலுக்குப் போவார். வயல் வேலையும் கல் உடைக்கும் வேலையும் முடித்து வரும் பெண்கள்தாம் அங்கே அவருடைய மாணவர்கள். அந்த வகுப்புக்காக அவர் எழுதி வைத்த ஆறு நோட்டுகள் பரணிலிருந்து கிடைத்துள்ளன. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எந்தப் பாடம் வரை வந்தார் என்பதும், வராத நாளுக்கான காரணமும் இருக்கின்றன: "நடவு", "பிள்ளைக்குக் காய்ச்சல்", "மாமியார் விடவில்லை", "வந்தார், தூங்கிவிட்டார், எழுப்பவில்லை".

என் கேள்வி ஆறாவது நோட்டைப் பற்றியது. 1998-இல் அப்பா அதே வீடுகளுக்கு மறுபடியும் போய், யாருக்கு இன்னும் வாசிக்க வருகிறது என்று கேட்டுக் குறித்திருக்கிறார். பாதிக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு எதிரே "மறந்துவிட்டது" என்றும், சிலவற்றுக்கு எதிரே "கையெழுத்து மட்டும்" என்றும் இருக்கிறது. இதை மலரில் சேர்த்தால் அப்பாவின் உழைப்பு வீணானதுபோல் தோன்றிவிடும் என்று அண்ணன் தயங்குகிறார். சேர்க்கலாமா?

மறுமொழி: முன்னாள் அறிவொளித் தொண்டர்

தங்கள் தந்தையாருக்கு என் அஞ்சலி. அந்த ஆறாவது நோட்டை அவசியம் சேருங்கள் என்பதே என் கருத்து.

1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்ட பிறகு, அந்த உற்சாகம் நம் பக்கமும் பரவியது. புதுக்கோட்டையில் அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சேர்ந்து அதை மக்கள் இயக்கமாக நடத்தினார்கள். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததுதான் வெளியூர்களில் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அறிவிப்பும் பாராட்டு விழாவும் முடிந்த பிறகு நடந்ததை எங்களில் பலர் பேசுவதில்லை. மூன்று பாடநூல்களை முடித்தவருக்கு அதன்பின் கையில் வைத்து வாசிக்க ஒன்றும் இல்லையென்றால், இரண்டு மூன்று ஆண்டுகளில் எழுத்து கைவிட்டுப் போய்விடும். தொடர்கல்வி மையங்கள் திறந்த இடங்களிலும் அவை ஒழுங்காக நடந்தது குறைவு. நானும் விழாவோடு நின்றுவிட்டவன்தான். ஏழாண்டு கழித்து, யாரும் கேட்காதபோது, எந்தப் படிவமும் நிரப்பவேண்டிய கட்டாயம் இல்லாதபோது, திரும்பவும் அந்த வாசல்களில் போய் நின்ற ஆசிரியர் எனக்குத் தெரிந்து வேறு எவரும் இல்லை. "மறந்துவிட்டது" என்று அவர் எழுதிய சொல்லை மறைத்தால், அவர் நடந்த நடையையும் சேர்த்து மறைத்ததாகிவிடும்.

மறுமொழி: தாயாருக்கு நினைவு மலர் தொகுத்தவர்

என் தாயாரும் ஆசிரியை என்பதால் இதே குழப்பம் எங்களுக்கும் இருந்தது. பணிப்பதிவேட்டுச் செய்திகளை ஒரே பக்கத்தில் அடக்கிவிடுங்கள். அண்ணனின் உழைப்புக்கும் மதிப்புக் கொடுத்ததாக இருக்கும். நோட்டுப் பக்கங்களை அப்படியே படமெடுத்து அச்சிடலாம், ஏனென்றால் அவருடைய கையெழுத்தைப் பார்க்கும்போது வருகிற நெருக்கம் தட்டச்சு செய்த பக்கத்தில் வராது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டுகிறேன். அந்தப் பெண்களில் பலர் இன்றும் அதே ஊரில் இருப்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பெயருக்கு எதிரே "மறந்துவிட்டது" என்று அச்சில் வருவதை அவர்கள் விரும்புவார்களா என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். கேட்க முடியாத இடத்தில் பெயர்ப் பகுதியை மறைத்துவிட்டுக் காரணங்களை மட்டும் காட்டுங்கள். "மாமியார் விடவில்லை" என்பதற்குப் பெயர் தேவையில்லை.

மறுமொழி: அறிவொளி வகுப்பில் படித்த ஒருவரின் மகள்

எங்கள் ஊரில் வகுப்பு நடத்தியவர் வேறொரு வாத்தியார். ஆனாலும் "கையெழுத்து மட்டும்" என்ற சொல்லைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் என் அம்மா அந்த வகையைச் சேர்ந்தவர். பாடநூலை இப்போது கொடுத்தால் அவருக்கு வாசிக்க வராது. அந்த நாட்களில் பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் அப்பாவின் சைக்கிளிலேயே ஓட்டப் பழகி, முன் கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவார்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் தென்னைகள் சாய்ந்தபோது, நிவாரண மனு கொடுக்கப் போன இடத்தில் மை டப்பாவை அம்மாவின் பக்கம் நகர்த்தினார்கள். அம்மா அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினார். பெயரில் ஐந்து எழுத்துகள். மூன்றாவது எழுத்தில் சற்று நின்று, விரலால் மேசை மேல் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு தாளில் எழுதினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தியும் அவர் அவசரப்படவில்லை. அதனால் தங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்: "மட்டும்" என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு பொருள் உண்டு.

கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த மறுமொழிகளை அண்ணனுக்கும் அம்மாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். பணி விவரம் ஒரு பக்கம், நோட்டுகள் மீதிப் பக்கங்கள் என்று முடிவாகியிருக்கிறது. அண்ணனே ஆறாவது நோட்டை எடுத்துக்கொண்டு, அதில் இருப்பவர்களில் இப்போது யார் யார் ஊரில் இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டுப் பென்சிலால் குறித்து வருகிறார். இதுவரை பதினொரு வீடுகள் தெரியவந்துள்ளன. வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு அனுமதி கேட்கப் போகிறோம். கடைசியாக மறுமொழி எழுதிய சகோதரிக்கு ஒரு வேண்டுகோள்: தங்கள் அம்மா சம்மதித்தால், புயலுக்குப் பிந்தைய அந்த மனுவைப் பற்றித் தாங்கள் எழுதியதை எங்கள் மலரில் சேர்த்துக்கொள்ளலாமா?