சேர ஒரு தட்டு, விலக வழியே இல்ல: யாராவது உதவுங்க

வணக்கம் மக்களே. அம்மா போன்ல ஒரு உடற்பயிற்சி ஆப் போட்டிருந்தாங்க. "7 நாள் இலவசம்"னு பெரிய பச்சை எழுத்து. அதுக்குக் கீழே, கண்ணை இடுக்கிப் பார்த்தாத்தான் தெரியுற சாம்பல் எழுத்துல "பிறகு ஆண்டுக் கட்டணம் தானாகப் பிடிக்கப்படும்". எட்டாம் நாள் காலையில கார்டுல இருந்து ஒரு வருஷப் பணமும் போயிடுச்சு.

விலகப் போனா அமைப்புகள், கணக்கு, திட்டம், "நிச்சயமா?", "இன்னொரு தடவை யோசிங்க"... கடைசியில சாட்ல பேசச் சொல்லுது. அங்கே இருக்கிறது ரோபோ! இந்தத் தந்திரங்களுக்கு 2010-லயே ஹாரி பிரிக்னல்ங்கிற இணைய வடிவமைப்பு நிபுணர் 'டார்க் பேட்டர்ன்'னு பேர் வச்சுட்டாரு. ஐ.நா.வும் 2015-ல நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களைத் திருத்தினப்போ, இணையத்துல வாங்குறவங்களுக்கும் அதே அளவு பாதுகாப்பு வேணும்னு சேர்த்துச்சு. ரோபோவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்.

பேங்க்ல 'சார்ஜ்பேக்' (கார்டுல போன பணத்தை பேங்க் மூலமா திருப்பிக் கேட்கிறது) கேட்டுப் பணம் திரும்ப வாங்கினவங்க இருக்கீங்களா? என்ன ஆதாரம் கேட்டாங்க? என்கிட்ட கட்டண மெயிலும், சாட் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கு. சேர்ந்தப்போ வந்த திரை இல்ல. ஆப்பை அழிச்சா சந்தா நின்னுடும்னு நெனச்சு அம்மா அழிச்சுட்டாங்க (நிற்காது, கவனிங்க).

கார்டை இப்பவே பிளாக் பண்ணலாமா, இல்ல புகார் முடியுற வரைக்கும் விட்டு வைக்கணுமா?

சின்ன எழுத்தை ஏன் படிக்கலைன்னு மட்டும் கேட்காதீங்க. அம்மா ஏற்கெனவே நொந்து போயிருக்காங்க.