கொலராடோ எல்க் வேட்டை: வெளி மாநிலத்தார், கைடு இல்லாமல், ஆளுக்கு 1,500 டாலருக்குள் முடியுமா?

டல்லாஸ்காரன்:
நாங்கள் மூன்று பேர், டெக்சாஸ். வெள்ளைவால் மானும் காட்டுப்பன்றியும் பழக்கம்தான், மலை வேட்டை புதுசு. வருகிற சீசனில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குக் கொலராடோ போகலாம் என்று திட்டம். கைடு, அவுட்ஃபிட்டர் (வேட்டைக்கு ஏற்பாடு செய்து தருபவர்) எல்லாம் கட்டுப்படியாகாது. ரைபிள்கள் .270, .308. எந்த சீசன், டேக் (ஒரு மிருகத்தைச் சுடுவதற்கான லைசென்ஸ் சீட்டு) எப்படி வாங்குவது, எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது? எங்களில் ஒருவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். அவருக்கு ஏதாவது சிக்கல் வருமா?

மலைக்காடு:
முடியும். ஆனால் பாதிக்கு மேல் டேக்குக்கே போய்விடும். வெளி மாநிலத்தாருக்கு ஆண் எல்க் லைசென்ஸ் 800 டாலருக்கு மேல். அதில் கை வைக்க முடியாது.

வில் வேட்டையை மறந்துவிடுங்கள். 2025 முதல் ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே வெளி மாநிலத்தாருக்கு வில் டேக்கும் குலுக்கலில்தான். குலுக்கலுக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன் தகுதி லைசென்ஸ் என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். உங்களுக்குத் தோது இரண்டாவது அல்லது மூன்றாவது ரைபிள் சீசன். பல யூனிட்களில் (மாநிலம் பிரித்து வைத்திருக்கும் வேட்டைப் பகுதிகள்) ஆண் எல்க் டேக் ஆகஸ்டிலிருந்து நேரடியாகவே கிடைக்கும். யூனிட் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த வருடத்து சிபிடபிள்யூ (கொலராடோ வனவிலங்குத் துறை) கையேட்டைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஹன்டர் எஜுகேஷன் சான்று கட்டாயம். டெக்சாஸ் சான்றே செல்லும்.

மீக்கர் பக்கம், ஒயிட் ரிவர் தேசிய வனத்தை எடுத்துக்கொண்டால் போக வர சுமார் 2,000 மைல். ஒரே டிரக்கில் போனால் பெட்ரோல் ஆளுக்கு 120 டாலர் வாக்கில் வரும். தேசிய வனத்தில் டென்ட் அடிக்கக் காசில்லை, பொதுவாக 14 நாள் வரம்பு. வீட்டில் சமைத்து உறைய வைத்துக் கொண்டுபோனால் சாப்பாடு 100 டாலருக்குள். மிச்சம் 400 சொச்சம் கையில் நிற்கும். அதை கேமோ (காட்டு நிற மறைப்பு) சட்டைக்கும் விலை உயர்ந்த ஸ்கோப்புக்கும் செலவழிக்காதீர்கள். கறியை இறக்கவும் குளிர வைக்கவும் வையுங்கள்: ஃபிரேம் வைத்த முதுகுப்பை, நல்ல கறிப்பைகள், கூலர், ஐஸ்.

மாநிலத்திலேயே பெரிய எல்க் மந்தை அந்த வட்டாரத்தில்தான். அதனால் வேட்டைக்காரர்களும் அங்கேதான் குவிவார்கள். முதல் நாள் காலையிலேயே எல்க் ரோட்டோரத்தை விட்டு விலகிவிடும். வடக்குப் பார்த்த சரிவில் இருண்ட மரக்கூட்டம், பக்கத்தில் மேய்ச்சல், நடக்கச் சலிப்பான இடம் — இந்த மூன்றும் சேர்ந்த இடங்களை மேப்பில் இப்போதே குறித்து வையுங்கள். விடியலில் காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறினால் மேலே போகும். இதை மறந்து நேரே ஏறினால் உங்கள் வாடை உங்களுக்கு முன்னால் போய்விடும்.

தனியார் நிலத்தில் வேலியோ பலகையோ இருந்தாக வேண்டும் என்று கொலராடோவில் சட்டமில்லை, எல்லை தெரிந்திருப்பது உங்கள் பொறுப்பு. ஓனெக்ஸ் மாதிரி ஆப்பில் மேப்பை ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், மேலே சிக்னல் இருக்காது.

கறிக்கடை:
மேலே சொன்னதில் கறி விஷயம் மட்டும் இன்னும் கொஞ்சம்.

வளர்ந்த ஆண் எல்க்கில் எலும்பெடுத்த கறியே 180–200 பவுண்டு வரும். எலும்போடு ஒரு பின்னந்தொடை 50–60 பவுண்டு. மூன்று பேர் ஆளுக்கு இரண்டு நடை. ஆகவே எங்கே சுடுவது என்பதை விசையைத் தொடுவதற்கு முன்பே முடிவு பண்ண வேண்டும். வண்டியிலிருந்து 2 மைலுக்கு மேல், அதிலும் பள்ளத்தில் நிற்கிற எல்க்கை விட்டுவிடுங்கள்.

விழுந்ததும் முதல் வேலை டேக்கில் தேதி போட்டுக் கையெழுத்து. பிறகு வயிற்றைக் கிழிக்காமலே வேலையை முடிக்கலாம்: ஒரு பக்கம் தோலை உரித்து, முன்கால், பின்கால், முதுகுக்கறி, கழுத்துக்கறி எடுத்து, புரட்டி மறுபக்கம். உள்முதுகுக்கறியைக் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கைவிட்டு எடுக்கலாம். கெடுவது பெரும்பாலும் இடுப்பு மூட்டில்தான். மேலே பனி பெய்தாலும் தடித்த தோலுக்கடியில் அந்த மூட்டைச் சுற்றிச் சூடு நிற்கும், மறுநாள் எலும்பை ஒட்டிய கறி பச்சை பாய்ந்து நாறும். தொடையைக் கழற்றியதும் எலும்பு வரை கீறித் திறந்து, கறிப்பையில் போட்டு நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வெந்துவிடும்.

எலும்பெடுக்கும்போது ஆண் என்பதற்கான அடையாளம் ஒரு தொடையில் இயற்கையாக ஒட்டியபடி இருக்க வேண்டும், சோதனையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மூளை, முதுகெலும்பை ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். சிடபிள்யூடி என்ற, மான்களின் மூளையைத் தாக்கும் நோய்க்காகப் பல மாநிலங்களில் தடை. சில யூனிட்களில் தலையைப் பரிசோதனைக்குக் கொடுப்பது கட்டாயம்.

விதிப்புத்தகம்:
எச்-1பி நண்பருக்கு: குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டத்தில் தடை உண்டு. விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று தந்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். இரவல் ரைபிளைக் கையில் வாங்கினாலும் வைத்திருப்பதாகத்தான் கணக்கு, ஆகவே ரேஞ்சில் பழகப் போவதற்கு முன்பே டெக்சாஸ் லைசென்ஸை எடுத்துவிடட்டும். அது முடிகிற தேதியைக் குறித்து வையுங்கள். லைசென்ஸ் போனால் விலக்கும் போயிற்று. சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், விசா விஷயம்.

தோட்டா முனையின் எடை எல்க்குக்குக் குறைந்தது 85 கிரெய்ன் (எடை அளவு). உங்கள் இரண்டு ரைபிளும் தாராளம். ரைபிள் சீசனில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு அல்லது பிங்க், தலையில் அதே நிறத் தொப்பி. கேமோ கலந்த ஆரஞ்சு செல்லாது.

டல்லாஸ்காரன்:
நன்றி. கூலர் எத்தனை வேண்டும்? “4 பாயின்ட்” விதி என்றால் என்ன? வேறு எதில் ஏமாறுவோம்?

மலைக்காடு:
எலும்பெடுத்த ஒரு எல்க்குக்கும் ஐஸுக்கும் 120 குவார்ட் கூலர் இரண்டு. உருகும் தண்ணீரை வடித்துக்கொண்டே இருங்கள், கறி தண்ணீரில் ஊறக் கூடாது.

பெரும்பாலான யூனிட்களில் ஆணுக்கு ஒரு பக்கக் கொம்பில் 4 கிளையாவது இருக்க வேண்டும், அல்லது கொம்பின் அடியில் முகத்துக்கு மேல் நீளும் கிளை 5 அங்குலமாவது இருக்க வேண்டும். பைனாகுலரில் எண்ணி முடிக்க முடியவில்லையென்றால் சுடாதீர்கள்.

மற்றபடி உயரம். டல்லாஸிலிருந்து நேரே 9,500 அடிக்கு ஏறினால் தலைவலி, வாந்தி வரும். இரண்டு நாள் முன்பே போங்கள், குறையாவிட்டால் கீழே இறங்குங்கள். வனச்சாலை விடியலில் உறைந்து கல்லாக இருக்கும், மதியம் இளகிச் சேறாகிவிடும். நான்கு சக்கரத்துக்கும் செயின், ஒரு மண்வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். டென்டை, சாலை முடிகிற இடத்துக்கு முன்னாலேயே அடித்துவிடுங்கள்.